பெருகிய இனங்கள், குறைந்த இரை: வட கடல் காட் மீன் குறித்த ஒரு நிகழ்வு ஆய்வு

பிரிட்டனுக்கும் ஸ்காண்டிநேவியாவுக்கும் இடையிலுள்ள வட கடலிலிருந்து 1972-ஆம் ஆண்டில் கரைசேர்ந்த காட் மீனின் அளவு ஏறத்தாழ 3.5 லட்சம் டன். 2006-ஆம் ஆண்டிலோ, அக்கடலில் முட்டையிடும் பருவத்தை எட்டியிருந்த காட் மீன்கள் அனைத்தையும் சேர்த்தாலும் 44,000 டன் அளவுக்கே தேறும் என்று மதிப்பிடப்பட்டது. அளவுமீறிய மீன்பிடிப்பே இந்தச் சரிவுக்குக் காரணம் என்பது பரவலாக ஏற்கப்பட்ட விளக்கம். அது தவறான விளக்கமும் அன்று. ஆனால் பிடி ஒதுக்கீடுகள் வெட்டப்பட்டு, முட்டையிடும் பரப்புகள் மூடப்பட்டு, படகுகளின் எண்ணிக்கை குறைக்கப்பட்ட பின்னரும் காட் எதிர்பார்த்த வேகத்தில் மீளவில்லை என்பதால், மீன்பிடிப்புக் கணக்கில் அடங்காத மீதி ஒன்று எஞ்சி நின்றது. அந்த மீதியைத் தேடிய ஆய்வாளர்கள், காட் குஞ்சின் இரையாகும் விலங்கு மிதவை உயிரிகள் பற்றிப் பல பத்தாண்டுகளாகச் சேர்த்துவைக்கப்பட்டிருந்த பதிவுகளின் பக்கம் திரும்பினர். அங்கே அவர்கள் கண்டது சற்று முரணாகத் தோன்றும் ஒரு நிலை: அவ்வுயிரிகளின் இனப்பன்மை கூடியிருந்தது, காட் குஞ்சுக்குக் கிடைத்த இரை குறைந்திருந்தது. இவ்விரண்டும் ஒரே காலத்தில் எவ்வாறு நிகழ்ந்தன என்பதே இங்கு ஆராயப்படுகிறது.

நம்மில் பலருக்குக் காட் மீன் ஈரல் எண்ணெய் மாத்திரையாக மட்டுமே அறிமுகம். வட ஐரோப்பாவிலோ அது பல நூற்றாண்டுகளாகத் துறைமுக ஊர்களின் வாழ்வாதாரமாக இருந்துவந்துள்ளது.

பெருக்கத்தின் காலம்

சரிவை விளங்கிக்கொள்ள, அதற்கு முந்தைய பெருக்கத்திலிருந்து தொடங்க வேண்டும். 1960-களின் தொடக்கத்திலிருந்து 1980-களின் தொடக்கம் வரை வட கடலில் காட் மட்டுமன்றி, அதன் குடும்பத்தைச் சேர்ந்த ஹேடக், வைட்டிங், சைத் ஆகியவையும் ஒருசேரப் பெருகின. மீன்பிடிப்பு குறைந்ததால் நேர்ந்த பெருக்கம் என்று இதைச் சொல்ல வழியில்லை. அதே ஆண்டுகளில் இழுவைப் படகுகளின் ஆற்றல் கூடிக்கொண்டே வந்தது. நெருங்கிய உறவுடைய பல இனங்கள், மேலிருந்து அழுத்தம் கூடியபோதும் ஒன்றாகப் பெருகினவென்றால், அவற்றுக்குப் பொதுவான ஏதோவொன்று உணவுச் சங்கிலியின் கீழ்ப்பகுதியில் சாதகமாக மாறியிருக்க வேண்டும் என்று ஊகிப்பது முறையானதே. இங்கிலாந்தின் லோஸ்டாஃப்ட் மீன்வள ஆய்வகத்தில் பணியாற்றிய டேவிட் குஷிங் அந்தத் திசையில்தான் சிந்தித்தார்.

அவருக்கு முன்பே, 1914-இல், நார்வே ஆய்வாளர் யோஹன் யோர்ட் ஒரு கருத்தை முன்வைத்திருந்தார். எத்தனை முட்டைகள் இடப்பட்டன என்பதைவிட, பொரித்த குஞ்சுகள் இரை உண்ணத் தொடங்கும் நாட்களில் எத்தனை பிழைத்தன என்பதே அவ்வாண்டின் மீன் தலைமுறை பெரிதா சிறிதா என்பதைத் தீர்மானிக்கிறது என்றார் அவர். பெரிய பெண் காட் ஒன்று பல மில்லியன் முட்டைகளை இடுகிறது. அவற்றுள் சராசரியாக இரண்டு மட்டும் வளர்ந்து இனப்பெருக்கம் செய்தாலே கூட்டம் குறையாமல் நிலைத்துவிடும். இத்தகைய கணக்கில், குஞ்சுகளின் இறப்பு வீதத்தில் ஏற்படும் மிகச் சிறிய மாற்றமும் மூன்று நான்கு ஆண்டுகளுக்குப் பிறகு துறைமுகத்துக்கு வரும் பிடியைத் தலைகீழாக மாற்றிவிடும். குஷிங் இதனுடன் காலத்தையும் சேர்த்தார்: குஞ்சு பொரிக்கும் வாரங்களும் இரை மிகுந்திருக்கும் வாரங்களும் பொருந்தினால் வலுவான தலைமுறை உருவாகும், விலகினால் நலிந்த தலைமுறை உருவாகும் என்பது அவர் வகுத்த கருதுகோள்.

பட்டுத்துணியில் பதிந்த கடல்

கருதுகோளைச் சோதிக்க நீண்டகாலத் தரவு வேண்டும். வட கடலுக்கு அது வாய்த்தது ஆலிஸ்டர் ஹார்டி என்ற ஆங்கிலேய உயிரியலாளரால். 1920-களின் தொடக்கத்தில் லோஸ்டாஃப்டில் ஹெர்ரிங் மீன்களின் வயிற்றை அறுத்து, எந்த வயதில் எந்த மிதவை உயிரியை உண்கின்றன என்று வரைபடமாகவே தந்தவர் அவர். கலானஸ் எனும் சிறு ஓட்டுடலி அவ்வரைபடத்தில் முதன்மையான இடம் பெற்றிருந்தது. பின்னர் அண்டார்க்டிக் பயணத்துக்காக அவர் வடிவமைத்த தொடர் மிதவையுயிர்ப் பதிவுக் கருவி, 1931-இல் ஹல் துறைமுகத்திலிருந்து வட கடல் சரக்குக் கப்பல்களின் பின்னால் கட்டி இழுக்கப்படத் தொடங்கியது. போர் ஆண்டுகளில் நின்று, பின் மீண்டும் தொடங்கிய அந்தக் கணக்கெடுப்பு இப்போது பிளிமத்திலிருந்து நடத்தப்படுகிறது.

கருவியின் செயல்முறை எளிமையானது. ஏறத்தாழ பத்து மீட்டர் ஆழத்தில் இழுபடும்போது, 1.27 சென்டிமீட்டர் பக்கமுள்ள சதுரத் துளை வழியே கடல்நீர் உள்ளே புகுந்து, 270 மைக்ரான் கண்ணி கொண்ட பட்டுத்துணியில் வடிகட்டப்பட்டு வெளியேறுகிறது; நீரின் ஓட்டத்தாலேயே சுழலும் விசிறி பட்டுச்சுருளை மெல்ல நகர்த்த, மேலே இரண்டாவது பட்டு வந்து மூட, சிக்கிய உயிரிகள் இரு துணிகளுக்கு இடையே அகப்பட்டு ஃபார்மலின் தொட்டிக்குள் சுருண்டுவிடுகின்றன. கப்பல் பத்து கடல் மைல் கடந்தால் ஏறத்தாழ பத்து சென்டிமீட்டர் பட்டு நகர்ந்திருக்கும். அந்தத் துண்டே ஒரு மாதிரி. அது வடிகட்டிய நீர் சுமார் மூன்று கன மீட்டர்.

ஆய்வகத்தில் முதலில், தாவர மிதவை உயிரிகளின் அளவைக் காட்டும் பட்டின் பச்சை நிறம் அட்டையோடு ஒப்பிட்டுப் பதியப்படுகிறது. அதன்பின் நுண்ணோக்கியின் கீழ் சிறிய உயிரிகளும், இரண்டு மில்லிமீட்டருக்கு மேற்பட்டவை தனித்தனியாக எடுக்கப்பட்டும் எண்ணப்படுகின்றன. இப்பணியில் கலானஸ் மிகுந்த பொறுமையைக் கோருவது. கலானஸ் ஃபின்மார்க்கிகஸ், கலானஸ் ஹெல்கோலாண்டிகஸ் ஆகிய இரண்டும் நீளத்திலும் தோற்றத்திலும் ஏறக்குறைய ஒன்றே. இரண்டும் நொய்யரிசி அளவுதான். ஐந்தாம் இணைக் காலின் அடிக்கணுவைப் புரட்டி, அதன் உள்விளிம்பு நேராக இருக்கிறதா குழிந்து வளைந்திருக்கிறதா என்று பார்த்தே எது எதுவெனப் பிரிக்கிறார்கள். நேரானது முன்னது; வளைந்தது பின்னது. 1958 முதல் இவ்விரண்டும் முறையாகப் பிரித்தெண்ணப்பட்டிராவிட்டால் இந்த நிகழ்வு ஆய்வே இல்லை. "கலானஸ்" என்ற ஒரே தலைப்பில் எண்ணியிருந்தால் ஒரு சரிவு மட்டும் தெரிந்திருக்கும், ஓர் இனத்தின் இடத்தை வேறோர் இனம் பிடித்தது தெரியாமலே போயிருக்கும்.

இரண்டு கலானஸ்கள்

ஃபின்மார்க்கிகஸ் குளிர்நீருக்குரியது. குளிர்காலத்தில் அது உண்பதை நிறுத்தி, பல நூறு மீட்டர் ஆழத்துக்கு இறங்கி, உடலில் சேர்த்துவைத்த மெழுகெண்ணெயைச் சிறுகச் செலவிட்டபடி உறங்குநிலையில் கிடக்கும். உறக்கத்துக்குத் தயாராகும் பருவத்தில் அதன் உலர் எடையில் பாதிக்கும் மேல் கொழுப்பாகவே இருக்கக்கூடும். சராசரியாக 90 மீட்டரே ஆழமுள்ள வட கடலில் இப்படி உறங்க இடமில்லை. எனவே ஃபேரோ தீவுகளுக்கும் ஷெட்லாண்டுக்கும் இடையிலான ஆழமான கால்வாயிலும் நார்வேக் கடலிலும் குளிர்காலத்தைக் கழித்தவை, வசந்தத்தில் மேலெழுந்து நீரோட்டங்களால் வட கடலுக்குள் அடித்துவரப்படுகின்றன. வட கடலின் ஃபின்மார்க்கிகஸ் கூட்டம் ஆண்டுதோறும் வெளியிலிருந்து நிரப்பப்படும் கூட்டம் என்பதால், கடலின் உள்ளே நிலவும் வெப்பநிலை மட்டுமன்றி, வெளியே ஆழ்குளிர்நீரின் அளவு, காற்றின் திசை, நீரோட்டத்தின் வலு ஆகிய ஒவ்வொன்றும் அதன் எண்ணிக்கையைப் பாதிக்கின்றன. அதன் உச்சம் வசந்தத்தில் வருகிறது.

ஹெல்கோலாண்டிகஸ் மிதவெப்ப நீருக்குரியது. கோடையின் பிற்பகுதியிலும் இலையுதிர் காலத்திலும் அது உச்சத்தை எட்டுகிறது.

1980-களின் பிற்பகுதியில், குறிப்பாக 1988-ஐ ஒட்டி, வட கடலின் உயிரின அமைப்பு முழுமையுமே ஒரு நிலையிலிருந்து இன்னொன்றுக்குத் தாவியதாகப் பதிவுகள் காட்டுகின்றன. அட்லாண்டிக்கிலிருந்து வெதுவெதுப்பான நீர் மிகுதியாக உள்ளே வந்தது. பட்டின் பச்சை அடர்ந்தது. பாரை மீன் குடும்பத்தைச் சேர்ந்த ஹார்ஸ் மேக்கரல் பெருமளவில் பிடிபடத் தொடங்கியது. ஃபின்மார்க்கிகஸ் குறைந்து ஹெல்கோலாண்டிகஸ் மேலோங்கியது. ஆனால் புதிதாக வந்தது, போனதன் அளவை ஈடுசெய்யவில்லை. 1960-களோடு ஒப்பிட்டால், 1990-களுக்குப் பின் வட கடலில் இரு இனங்களையும் சேர்த்த கலானஸ் மொத்த எடை சுமார் 70 விழுக்காடு குறைந்திருந்தது.

நான்கு மில்லிமீட்டர் குஞ்சு

வட கடலில் காட் சனவரி முதல் ஏப்ரல் வரை முட்டையிடுகிறது. பொரிக்கும் குஞ்சு நான்கு மில்லிமீட்டர் நீளமே இருக்கும். வயிற்றோடு ஒட்டிய மஞ்சள் கரு ஏறத்தாழ ஒரு வாரத்தில் தீர்ந்துவிடும். அதற்குள் அது கண்ணால் பார்த்து, துரத்தி, விழுங்கக் கற்றாக வேண்டும். அதன் வாய்க்கு அடங்கும் முதல் இரை, கலானஸ் உள்ளிட்ட கோபிபாட் வகை ஓட்டுடலிகளின் நாப்ளியஸ் எனும் தொடக்கப் பருவங்கள்தாம். கலானஸ் முட்டையிலிருந்து வந்தபின் ஆறு நாப்ளியஸ் பருவங்களையும், முதிர்நிலையைச் சேர்த்து ஆறு கோபிபோடைட் பருவங்களையும் கடக்கிறது. எனவே, வசந்தத்தில் ஓரிடத்தில் பெருகும் ஒரே ஓர் இனம், மார்ச்சில் சிறு வாய்க்கும் மே மாதத்தில் சற்றுப் பெரிய வாய்க்கும் ஏற்ற அளவில் இரையை அடுத்தடுத்துத் தந்துவிடுகிறது. குஞ்சு வளர்கிறது, இரையும் கூடவே வளர்கிறது. சூடோகலானஸ் என்ற சிறிய கோபிபாடும், சூலையை ஒட்டி, இறால் போன்ற தோற்றமுள்ள கிரில் இனங்களும் இந்த உணவு வரிசையில் சேருகின்றன; அதன்பின் இளங்காட் கடலடிக்கு இறங்கி வேறு உணவுக்கு மாறிவிடும்.

கிரெகரி போக்ராண்டும் கீத் பிராண்டர் உள்ளிட்ட நால்வரும் 2003-இல் நேச்சர் இதழில் வெளியிட்ட ஆய்வு, 1958 முதல் 1999 வரையான பட்டுத்துணிப் பதிவுகளை இந்த உணவு வரிசையோடு பொருத்திப் பார்த்தது. இரு கலானஸ்களின் எண்ணிக்கை, சூடோகலானஸ், கிரில், கோபிபாட்களின் மொத்த எடை, அவற்றின் சராசரி அளவு ஆகியவற்றை மாதவாரியாக அடுக்கியபோது, காட் பெருகிய 1963–1983 காலம் இவை அனைத்தும் சாதகமாக அமைந்திருந்த காலம் என்று தெரிந்தது. 1980-களின் நடுப்பகுதிக்குப் பின் நிலைமை மாறியது. கோபிபாட்களின் சராசரி அளவு பாதியாகக் குறைந்தது. வசந்தத்தில் இருந்த கலானஸ் உச்சம் கோடை இறுதிக்கு நகர்ந்தது. ஆகஸ்டில் எவ்வளவு இரை மிதந்தாலும், ஏப்ரலில் பட்டினியால் மடிந்த குஞ்சுக்கு அதனால் பயனில்லை. இதற்கு மேல் இன்னொரு சுமையும் சேர்ந்தது. வெப்பம் கூடக்கூடக் குஞ்சின் உடலியக்கம் விரைவடைந்து, உயிர்வாழவே அதற்கு முன்பைவிட அதிக இரை தேவைப்படுகிறது. தேவை கூடிய அதே ஆண்டுகளில்தான் இரை குறைந்தது.

பன்மை கூடியதன் பொருள்

போக்ராண்டும் வேறு சிலரும் 2002-இல் சயன்ஸ் இதழில் வெளியிட்ட முந்தைய ஆய்வு, வடகிழக்கு அட்லாண்டிக்கில் வெதுநீர்க் கோபிபாட் கூட்டங்கள் நாற்பது ஆண்டுகளில் ஏறத்தாழ பத்து பாகை அட்சரேகை வடக்கே நகர்ந்துவிட்டன என்று காட்டியிருந்தது. தெற்கத்திய இனங்கள் வர வர, வட கடலின் ஒவ்வொரு பட்டுத்துண்டிலும் காணப்பட்ட இனங்களின் எண்ணிக்கை கூடியது. இனப்பன்மை என்றாலே நலம் என்று கொள்ளும் பழக்கம் நமக்கு உண்டு. காடுகளையும் பவளப்பாறைகளையும் பற்றிப் பேசிப் பேசி வந்த பழக்கம் அது. குளிர்கடலின் மீன்வளத்தை அந்த அளவுகோலால் அளப்பது பிழையில் முடியும் என்பதே என் மதிப்பீடு.

காரணத்தைக் கடலின் அமைப்பிலேயே காணலாம். குளிர்ந்த, பருவ வேறுபாடு கடுமையான நீரில் தாவர மிதவை உயிரிகள் வசந்தத்தில் ஒரே வீச்சில் பெருகி ஓய்கின்றன. அந்தச் சில வாரங்களில் உண்டு கொழுத்து, மிச்ச மாதங்களை உறக்கத்தில் கழிக்கத் தெரிந்த உயிரிகளுக்கே அங்கு இடம். அப்படிப்பட்ட இனங்கள் மிகச் சில. அவை உடலால் பெரியவை, கொழுப்பால் செறிந்தவை, ஒரே காலத்தில் திரளாக வருபவை. வெதுவெதுப்பான நீரில் பருவங்களின் கூர்மை மழுங்கி, உற்பத்தி ஆண்டு முழுவதும் சிறுசிறு அளவில் பரவுவதால், சிறிய உடல், குறுகிய வாழ்நாள் கொண்ட பல இனங்கள் இடத்தைப் பங்கிட்டுக்கொள்கின்றன. அதாவது, எண்ணிக்கையில் இனங்கள் கூடும்போதே ஒவ்வொரு கவளத்தின் எடையும் கொழுப்பும் குறைகின்றன. ஒரு கவளத்தைத் துரத்தக் குஞ்சு செலவிடும் ஆற்றல் மட்டும் குறைவதில்லை. ஆண்டுச் சராசரி மேற்பரப்பு வெப்பநிலை 9 முதல் 10 பாகை செல்சியஸ் வரையிலான கோட்டை ஒட்டி இந்த மாற்றம் திடீரென நிகழ்வதாகப் போக்ராண்ட் குழுவினர் 2008-இல் சுட்டிக்காட்டினர். வட கடல் அந்தக் கோட்டின் மீதே அமைந்திருப்பதுதான் அதன் சிக்கல்.

வெதுநீர் மிதவை உயிரிகளால் எல்லா மீனும் நலிந்தன என்று இதற்குப் பொருள் கொள்ளக் கூடாது. ஹேக் வட கடலின் வடபகுதியில் வலுவாகத் திரும்பி வந்திருக்கிறது. செந்நவரையின் உறவான ரெட் மல்லெட்டும் நெத்திலியும் முன்பு அரிதாயிருந்த இடங்களில் பிடிபடுகின்றன. ஆனால் காட் பிடிக்கப் பழகிய படகும் வலையும் சந்தையும் ஓரிரு ஆண்டுகளில் ஹேக்குக்கு மாறிவிடுவதில்லை. ஹேக் பிடிக்க உரிய ஒதுக்கீடும் வட கடல் நாடுகளிடம் அதிகம் இருந்ததில்லை.

மறுப்புகளும் அவற்றின் எடையும்

மேற்கண்ட விளக்கத்தை முழுமையானதென்று ஏற்க மூன்று தடைகள் உள்ளன. முதலாவது, மீன்பிடிப்பின் அளவு. 2000-ஐ ஒட்டிய ஆண்டுகளில், பிடிக்கத்தக்க வயதுடைய காட் மீன்களில் ஏறத்தாழ 60 விழுக்காடு ஒவ்வோர் ஆண்டும் வாரியெடுக்கப்பட்டன. அவற்றில் பெரும்பாலானவை ஒருமுறைகூட முட்டையிடாதவை. இரை எவ்வளவு செழித்திருந்தாலும் இந்த வேகத்தை எந்தக் கூட்டமும் தாங்காது. இரண்டாவது, விதிவிலக்கான ஆண்டுகள். மிதவை உயிரிகள் மாறிவிட்ட பிறகும் 1996-இல் காட் தலைமுறை ஓரளவு வலுவாகவே அமைந்தது. 1999-இல் ஹேடக் மாபெரும் தலைமுறையைத் தந்தது. இரைச் சூழல் ஒரு போக்கைத் தீர்மானிக்கிறதே தவிர, ஒவ்வோர் ஆண்டின் முடிவையும் அன்று. 1996-இன் தலைமுறைக்கு நேர்ந்ததைப் பார்த்தால் முதல் தடையின் வலு இன்னும் தெளிவாகும்: அது முதிர்ச்சியடையும் முன்பே பெருமளவு பிடிக்கப்பட்டுவிட்டது.

மூன்றாவது தடையைப் பலர் பொருட்படுத்துவதில்லை, ஆனால் அதுவே ஆய்வுமுறையின் வேரைத் தொடுகிறது. 270 மைக்ரான் கண்ணியில் சிறிய நாப்ளியஸ்கள் தங்குவதில்லை, நழுவி வெளியேறிவிடுகின்றன. காட் குஞ்சின் முதல் வார உணவு எதுவோ, அதைப் பட்டுத்துணி நம்பகமாக எண்ணுவதே இல்லை. வளர்ந்த கலானஸ்களின் எண்ணிக்கையிலிருந்து நாப்ளியஸ்களின் எண்ணிக்கையை நாம் ஊகிக்கிறோம், அவ்வளவே. சொறிமீன்களும் அப்படித்தான், துணியில் நசுங்கி, அவற்றின் கொட்டும் செல்கள் மட்டுமே மிஞ்சுகின்றன. பொருத்தம் காட்டும் புள்ளிவிவரம் காரணத்தை மெய்ப்பித்துவிட்டதாக எழுதுவோர் இதை நினைவில் கொள்வது நல்லது.

இம்மூன்றையும் எடைபோட்டபின் எனக்குத் தோன்றும் முடிவு இது: காட் கூட்டத்தை வீழ்த்தியது மீன்பிடிப்பு, வீழ்ந்த கூட்டம் எழுந்திருக்கும் வலுவைக் குறைத்தது மிதவை உயிரிகளின் மாற்றம். நல்ல இரை ஆண்டுகள் பல இருந்தவரை அளவுமீறிய பிடிப்பின் விளைவு மறைந்திருந்தது. அவை அரிதானதும் அது வெளிப்பட்டது.

வட கடலுக்கு வெளியே பார்த்தால் இந்த வாசிப்புக்கு வலு கூடுகிறது. வடக்கே பேரண்ட்ஸ் கடலிலும் வெப்பம் உயர்ந்தது. ஆனால் அங்கு நீர் தொடக்கத்திலேயே மிகக் குளிர்ந்தது என்பதால், உயர்ந்த பிறகும் ஃபின்மார்க்கிகஸின் எல்லைக்குள்தான் இருந்தது. லோஃபோட்டன் தீவுகளை ஒட்டி முட்டையிடும் காட் கூட்டத்தின் குஞ்சுகள் வடக்கே மிதந்து செல்லும் வழியெங்கும் அதன் நாப்ளியஸ்களை உண்டே வளர்கின்றன. பிடிப்பும் கட்டுக்குள் கொண்டுவரப்பட்டிருந்த நிலையில், 2013-இல் அங்கு காட் ஒதுக்கீடு 10 லட்சம் டன்னை எட்டியது. இன்று பிரிட்டன் மக்களின் தட்டில் விழும் காட் பெரும்பாலும் பேரண்ட்ஸ் கடலிலிருந்தும் ஐஸ்லாந்திலிருந்தும் வருவதுதான். இதே ஃபின்மார்க்கிகஸை, எண்ணெய்க்காகவும் மீன் தீவனத்துக்காகவும் நேரடியாகவே பிடிக்க நார்வே 2019-இல் 2,54,000 டன் ஒதுக்கீட்டுடன் வணிக மீன்பிடிப்பைத் திறந்துவிட்டது என்பதையும் இங்கு குறிப்பிட வேண்டும்.

ஒதுக்கீட்டுக் கணக்கில் இரையின் இடம்

ஐசிஇஎஸ் எனப்படும் பன்னாட்டுக் கடலாய்வு மன்றம் 2003-ஆம் ஆண்டுக்கு வட கடல் காட் பிடிப்பைப் பூச்சியமாக்கப் பரிந்துரைத்தது. அரசுகள் அதை முழுமையாக ஏற்கவில்லை, ஆனால் ஒதுக்கீட்டை வெகுவாகக் குறைத்தன. 2006-க்குப் பின் தாய்மீன் இருப்பு மெல்ல ஏறி, 2017-இல் வட கடல் காட் நீடித்த மீன்பிடிப்புக்கான எம்எஸ்சி சான்றிதழைப் பெற்றது. செய்தித்தாள்கள் மீட்சியைக் கொண்டாடிய இரண்டே ஆண்டுகளில், 2019 அக்டோபரில், இருப்பு மீண்டும் சரிந்ததால் அந்தச் சான்றிதழ் நிறுத்திவைக்கப்பட்டது. 2023-இல் மதிப்பீட்டு முறையே மாற்றப்பட்டு, அதுவரை ஒன்றாகக் கருதப்பட்ட கூட்டம் வடமேற்கு, வைக்கிங், தெற்கு என மூன்றாகப் பிரித்துக் கணக்கிடப்பட்டது. ஃபின்மார்க்கிகஸ் எப்போதும் குறைவாகவும் வெப்பம் அதிகமாகவும் உள்ள தெற்குக் கூட்டமே மிக நலிந்த நிலையில் இருப்பது தற்செயலாகத் தெரியவில்லை.

எதிர்காலக் கணிப்புக்கு ஐசிஇஎஸ் 1990-களின் பிற்பகுதிக்குப் பிந்தைய குறைந்த குஞ்சு வரவையே, அதாவது ஆண்டுதோறும் கூட்டத்தில் புதிதாகச் சேரும் இளமீன்களின் அளவையே, அடிப்படையாகக் கொண்டது. 1970-களின் அளவை இனி எதிர்பார்க்க முடியாது என்பதை மறைமுகமாக ஒப்புக்கொள்ளும் நடைமுறை இது. அதே வேளையில், கலானஸ் எண்ணிக்கை எதுவும் காட் மதிப்பீட்டு மாதிரியில் நேரடியாக நுழைவதில்லை. மார்ச் முதல் சூலை வரையான ஃபின்மார்க்கிகஸ் அளவை ஒவ்வோர் ஆண்டின் குஞ்சு வரவுக் கணிப்போடு ஒரு குறியீடாகவேனும் சேர்ப்பது கடினமன்று. பட்டுத்துணியிலிருந்து நழுவும் நாப்ளியஸ்களை எண்ண, ஸ்காட்லாந்தின் ஸ்டோன்ஹேவனுக்கு அருகே 1997 முதல் வாரந்தோறும் மாதிரி எடுக்கப்படும் நிலையத்தைப் போன்ற இடங்களில் நுண்கண்ணி வலைகளைப் பயன்படுத்தலாம். தெற்குக் கூட்டம் முட்டையிடும் பரப்பிலும் அத்தகைய நிலையம் ஒன்று பிப்ரவரி முதல் சூன் வரையேனும் இயங்கினால், அங்கு குஞ்சுகள் இரையின்றி மடிகின்றனவா, அல்லது பொரிக்கும் முட்டைகளே போதாத அளவுக்குத் தாய்மீன் குறைந்துவிட்டதா என்ற கேள்விக்கு ஊகமாக அன்றி அளவாக விடை கிடைக்கும்.